ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸ்ல முதல் தடவ தனியா மலை ஏறப் போறவங்களுக்கு

கிளாஸ்கோவுக்கு வேலைக்கு வந்து முதல் ரெண்டு வருஷம், கூட வர ஆள் இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக மலைப் பக்கமே போகாம இருந்தேன். அப்புறம் ஒரு மே மாசம் தனியாவே கிளம்பிட்டேன், அதுக்கப்புறம் வருஷத்துக்கு அஞ்சாறு தடவையாவது போயிட்டு வந்துடுறேன். இப்போ புதுசா வேலைக்கு வர்ற பசங்க, படிக்க வந்திருக்கிற பொண்ணுங்கன்னு நிறைய பேர் கேக்குறாங்க, தனியா எப்படிங்க போறீங்க, எங்க ஆரம்பிக்கணும், பயமா இல்லையான்னு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல அரை மணி நேரம் சொல்றதுக்கு மொத்தமா எழுதி வெச்சுடலாம்னு உக்காந்துட்டேன். கார் இல்லாதவங்க, மேப் பாக்கத் தெரியாதவங்க, ஊர்ல மலையே ஏறி இருக்காதவங்க, இவங்களத்தான் மனசுல வெச்சு எழுதுறேன்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். தனியாப் போறேன்னு பேருதானே தவிர, போன எந்த தடவையும் யாரையாச்சும் பாக்காம, ரெண்டு வார்த்த பேசாம திரும்பி வந்தது இல்ல. அந்த முகம் தெரியாத ஆளுங்க சொல்லிக் குடுத்ததுதான் நான் கத்துக்கிட்டதுல பாதிக்கு மேல. ஆனா அவங்க வருவாங்க, பாத்துப்பாங்கன்னு நம்பி யாரும் மேல ஏறக் கூடாது, ஏன்னா சில நாள் மேகத்துக்குள்ள மூணு மணி நேரம் ஒரு ஆடு கூட கண்ணுல படாது. அதனால தயாரிப்பு முழுசும் நம்மளோடதா இருக்கணும்.

முதல் வேலை: எந்த மலைன்னு முடிவு பண்றது

ஸ்காட்லாந்துல 3,000 அடிக்கு, அதாவது 914 மீட்டருக்கு மேல இருக்கிற முக்கியமான மலைகள மன்றோன்னு சொல்வாங்க. சர் ஹ்யூ மன்றோ 1891ல போட்ட லிஸ்ட்ல இருந்து வந்த பேரு அது (சென்னைல குதிர மேல உக்காந்திருக்கிற தாமஸ் மன்றோ வேற ஆளு, ஆனா அவரும் கிளாஸ்கோவுல பொறந்தவர்தான்). இப்போதைய கணக்குக்கு 282 மன்றோ இருக்கு, ஒண்ணொண்ணா ஏறி டிக் அடிக்கிறத மன்றோ பேகிங்னு சொல்றாங்க. மலைல யாரப் பாத்தாலும் பேச்சு ரெண்டு நிமிஷத்துல இங்கதான் வந்து நிக்கும், உங்களுக்கு எத்தன ஆச்சு, இன்னும் எத்தன பாக்கின்னு.

புதுசா வர்றவங்க எல்லாரும் நேரா பென் நெவிஸ் போகணும்னு நிக்கிறாங்க, பிரிட்டன்லயே உயரமான மலை, 1,345 மீட்டர், பேரு கேட்டா ஊர்ல சொல்லிக்க நல்லா இருக்கும். தனியாப் போற முதல் மலையா அத வெச்சுக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். கிட்டத்தட்ட கடல் மட்டத்துல இருந்து அவ்வளவு உயரமும் ஏறணும், போக வர ஏழெட்டு மணி நேரம் ஆகும். உச்சி தட்டையா பெருசா இருக்கு, வடக்குப் பக்கம் செங்குத்தான பாறை விளிம்பு, மேகம் இறங்கிடுச்சுன்னா விளிம்பு எங்கன்னு தெரியாது, காம்பஸ் வெச்சு டிகிரி பாத்து இறங்கத் தெரிஞ்சிருக்கணும். கூட்டம் இருக்குமே, அவங்க பின்னாடியே போயிடலாம்னு நினைப்போம், அந்தக் கூட்டத்துல பாதிப் பேரும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு வந்திருப்பாங்க.

நான் சொல்ற மலை பென் ந லாப், 935 மீட்டர், இதுவும் மன்றோதான். இதுக்குப் பக்கத்துல கொராவர்னு ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. எழுத்தப் பாத்தா கோரூர்னு படிக்கத் தோணும், உள்ளூர்க்காரங்க கொராவர்னுதான் சொல்றாங்க. ஸ்டேஷனே 408 மீட்டர் உயரத்துல இருக்கு, பிரிட்டன் மெயின் லைன்லயே உயரமான ஸ்டேஷன், அதனால ஏற வேண்டியது 530 மீட்டருக்குள்ளதான். போக வர சுமார் 10 கிலோமீட்டர். அந்த ஸ்டேஷனுக்கு பொது ரோடே கிடையாது, ரயில்ல வரணும் இல்லன்னா மைல் கணக்கா நடந்து வரணும், கார் வெச்சிருக்கிறவங்களும் அன்னைக்கு நம்ம கூட ரயில்லதான் வருவாங்க. முதல் தடவ தனியா வர்ற ஒருத்தருக்கு அது எவ்வளவு தைரியம்னு அங்க இறங்கினப்புறம்தான் புரிஞ்சது. அதே ரயில்ல இருந்து அஞ்சு பேர் பையோட இறங்குறாங்க, அதுல மூணு பேர் நம்ம போற பக்கமே நடக்குறாங்க.

எப்போ போறது

மே பாதில இருந்து ஜூன் பாதி வரைக்கும். அப்போதான் மழை கொஞ்சம் குறைவு, காலைல நாலரை மணிக்கே வெளிச்சம், ராத்திரி பத்து வரைக்கும் இருட்டாது, கூட்டமா வந்து கடிக்கிற மிட்ஜ் பூச்சியும் இன்னும் முழு வேகத்துல வந்திருக்காது. ஜூலை ஆகஸ்ட் பூச்சிக்காக வேண்டாம்னு சொல்றேன். செப்டம்பரும் நல்ல மாசம், ஆனா அது மான் வேட்டை சீசன், அதப் பத்தி கீழ சொல்றேன். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் தனியா முதல் தடவன்னா போகவே போகாதீங்க. பனி இறுகிக் கிடக்கும், ஐஸ் ஆக்ஸ் (பனிக் கோடாலி), கிராம்பான் (ஷூ அடில மாட்டுற இரும்பு முள்ளு) வெச்சு நடக்கத் தெரியணும், டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சுடும்.

ரயிலும் படுக்கையும்

கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல இருந்து ஃபோர்ட் வில்லியம், மலெய்க் போற ரயில். ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணுற அளவுதான் இருக்கு, கொராவருக்கு சுமார் மூணு மணி நேரம். ஏறும்போது ஒண்ணு கவனிங்க, நிறைய தடவ இந்த ரயில் கிரியன்லாரிக்ல ரெண்டாப் பிரியும், ஒரு பாதி ஓபன்ங்கிற கடற்கரை ஊர்ப் பக்கம் போயிடும். தப்பான பெட்டில உக்காந்துட்டு தூங்கிட்டீங்கன்னா கடற்கரைல போய் முழிப்பீங்க, அதனால பெட்டி வாசல்லயே கேட்டுட்டு ஏறுங்க. முடிஞ்சா வலது பக்கம் ஜன்னல் பிடிங்க, லாக் லோமண்ட் அந்தப் பக்கம்தான் வரும். கடைசில ரானக் மூர்னு கண்ணுக்கு எட்டின வரைக்கும் சதுப்பு நிலம், 1894ல இந்தப் பாதைய போட்டப்போ அடில கெட்டியான தரை கிடைக்காம சுள்ளிக் கட்டையும் ஹெதர்ங்கிற குட்டைப் புதர்ச் செடியும் மண்ணும் சாம்பலும் கொட்டி அது மேல தண்டவாளத்த மிதக்க விட்ட மாதிரி போட்டாங்க, இன்னைக்கும் ரயில் அது மேலதான் போகுது.

ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம்னு நிறைய பேர் கணக்குப் போடுவாங்க, முடியும்தான், ஆனா சாயங்கால ரயில விட்டா அங்க பஸ்ஸும் இல்ல டாக்ஸியும் இல்ல, ரயிலப் பிடிக்கணும்னு ஓடுறப்போதான் கால் பிசகும். அதனால ராத்திரி தங்குங்க. ஸ்டேஷன்ல இருந்து ஒரு மைல் தூரத்துல லாக் ஆஸியன் ஏரிக் கரைல ஒரு யூத் ஹாஸ்டல் இருக்கு, ஹாஸ்டலிங் ஸ்காட்லாந்து நடத்துறது. சின்ன மரக் கட்டடம், சீசன்ல மட்டும்தான் திறந்திருக்கும், படுக்கை கொஞ்சம்தான், ரெண்டு மாசம் முன்னாடியே புக் பண்ணிடுங்க. கடை எதுவும் கிடையாது, ஸ்டேஷன் கட்டடத்துல இருக்கிற சாப்பாட்டுக் கடையும் சீசன்லதான், அதனால ரெண்டு நாள் சாப்பாடு கைல இருக்கணும்.

பைக்குள்ள என்ன

இதுக்கு நிறைய காசு செலவு பண்ண வேண்டாம், ஆனா ரெண்டு விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம், ஷூவும் மழைக் கோட்டும். ஷூ கணுக்காலப் பிடிக்கிற மாதிரி, அடில நல்ல பல்லு வெச்சதா, வாங்கி வீட்டுல ரெண்டு வாரம் போட்டு நடந்து பழக்கினதா இருக்கணும். மழைக்கு ஜாக்கெட் மட்டும் போதாது, மேல போட்டுக்கிற வாட்டர்ப்ரூஃப் பேன்ட்டும் வேணும், அங்க மழை மேல இருந்து மட்டும் வராது, பக்கவாட்டுல இருந்தும் அடிக்கும். ஜீன்ஸ் போடாதீங்க, பருத்தி பனியனும் வேண்டாம், நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்ட இழுத்துடும். ஜூன் மாசம்னாலும் குல்லா, கையுறை, ஒரு எக்ஸ்ட்ரா கம்பளி. கீழ 15 டிகிரி இருக்கும், மேல அஞ்சாறு டிகிரி குறையும், அதோட காத்தும் சேந்தா விரல் மரத்துப் போயிடும்.

இது போக ஹெட் டார்ச், விசில், பவர் பேங்க், சின்ன முதலுதவிப் பை, ஆரஞ்சு கலர்ல பெரிய பிளாஸ்டிக் சாக்கு மாதிரி ஒரு சர்வைவல் பேக் (சில பவுண்டுதான், அடிபட்டு உக்கார வேண்டி வந்தா அதுக்குள்ள நுழைஞ்சுக்கலாம்), தலைக்கு மாட்டுற மிட்ஜ் வலை, உண்ணி எடுக்கிற சின்ன கொக்கி. பைக்குள்ள முதல்ல ஒரு கெட்டியான குப்பைக் கவரப் போட்டு அதுக்குள்ள துணிய வைங்க. சாப்பாட்டுக்கு நான் எப்பவும் புளியோதரை கட்டிட்டுப் போவேன், ரெண்டு நாள் தாங்கும், குளிர்ல அந்தப் புளிப்பும் நல்லெண்ண வாசமும் நாக்குல பட்டா உடம்பு எழுந்து உக்காரும். கடலை மிட்டாய் பாக்கெட்லயே இருக்கட்டும். தண்ணி ஒண்ணர லிட்டர், ஓடைத் தண்ணி குடிக்கணும்னா ஃபில்டர் வெச்சுக்கோங்க, மேல எங்கயாவது ஆடோ மானோ செத்துக் கிடக்கலாம்.

மேப், நேரக் கணக்கு, வானிலை

போன்ல ஓஎஸ் மேப்ஸ் ஆப் போட்டு அந்த ஏரியாவ டவுன்லோட் பண்ணிக்கோங்க, நல்லாவே வேலை செய்யும். ஆனா பேப்பர் மேப்பும் காம்பஸும் கட்டாயம் வேணும், குளிர்ல பேட்டரி சடார்னு இறங்கும், ஈரக் கையில டச் ஸ்க்ரீன் வேலை செய்யாது. கொராவருக்கு ஆர்டினன்ஸ் சர்வே லேண்ட்ரேஞ்சர் 41ம் நம்பர் ஷீட். கிளம்புறதுக்கு முந்தின வாரம் பக்கத்துப் பார்க்ல போய் மேப்பத் திருப்பி வடக்குக்கு நேரா வெக்கிறது, காம்பஸ்ல ஒரு கோணம் எடுத்து அது பக்கம் நடக்கிறது, இந்த ரெண்ட மட்டும் பழகுங்க, ஒரு மணி நேர வேலை.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1892ல சொன்ன ஒரு கணக்கு இருக்கு, இன்னைக்கும் எல்லாரும் அததான் பயன்படுத்துறாங்க. அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். பென் ந லாப்புக்கு இப்படிப் பாத்தா மூணு மணி நேரம் வரும். நீங்க புதுசு, சேறு இருக்கும், நின்னு நின்னு பாப்பீங்க, அதனால நாலரைன்னு வெச்சுக்கோங்க.

வானிலைக்கு போன்ல இருக்கிற சாதாரண ஆப் பாக்காதீங்க, அது ஊருக்குச் சொல்றது. மலைக்குன்னே எம்டபிள்யூஐஎஸ்னு ஒரு முன்னறிவிப்பு வருது, அதுல வெஸ்ட் ஹைலேண்ட்ஸ் பகுதிய எடுத்துப் பாருங்க, மன்றோ உயரத்துல காத்து எவ்வளவு, மேகம் எங்க வரைக்கும் இறங்கும், உச்சி தெளிவா இருக்க எத்தன சதவீதம் வாய்ப்புன்னு தனித்தனியாச் சொல்வாங்க. மழைய விட காத்ததான் முதல்ல பாக்கணும். மணிக்கு 30 மைலுக்கு மேலன்னு போட்டிருந்தா முதல் தடவ தனியாப் போறவங்க ஏரியச் சுத்தி நடந்துட்டு வந்துடுங்க, அதுவும் அழகான நடைதான். 40க்கு மேல போனா நேரா நடக்கிறதே சிரமம். கெய்ர்ன் கோர்ம் உச்சில 1986 மார்ச்ல 173 மைல் வேகத்துல காத்து அடிச்சுப் பதிவாகி இருக்கு, அந்த ஊர்க் காத்து அப்படி.

ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க

இத தனியா ஒரு ஸ்டெப்பா எழுதுறேன், ஏன்னா நிறைய பேர் விட்டுடுறாங்க. நம்பிக்கையான ஒரு ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போடுங்க: எந்த ரயில், எந்த மலை, எந்த வழியா ஏறி எந்த வழியா இறங்குறேன், ராத்திரி எங்க தங்குறேன், எத்தன மணிக்குள்ள என்கிட்ட இருந்து தகவல் வரலன்னா நீ போலீஸக் கூப்பிடணும். கடைசி வரிதான் முக்கியம். அங்க சிக்னல நம்ப முடியாது, அதனால அன்னைக்கு ராத்திரி மெசேஜ் வரலன்னா பதறாத, மறுநாள் இத்தன மணி வரைக்கும் பொறுத்துட்டு அப்புறம் கூப்பிடுன்னு தெளிவா நேரம் போட்டுக் குடுங்க. ஊர்ல இருக்கிற அம்மாவ இதுக்கு வெக்காதீங்க, பாவம், அவங்களால அங்க இருந்து தவிக்க மட்டும்தான் முடியும்.

அவசர உதவி நம்பர் 999க்கு எஸ்எம்எஸ் அனுப்புற வசதியும் இருக்கு, ஆனா முன்னாடியே பதிவு பண்ணணும். 'ரெஜிஸ்டர்'னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி 999க்கு அனுப்பினா அவங்களே அடுத்து என்ன செய்யணும்னு சொல்வாங்க, வீட்டுல இருக்கும்போதே முடிச்சுடுங்க. பேச முடியாத அளவு சிக்னல் கம்மியா இருக்கிற இடத்துல கூட எஸ்எம்எஸ் போக வாய்ப்பு இருக்கு.

நடக்கிற நாள்

ஸ்டேஷன்ல இருந்து ஏரிய நோக்கி மண் ரோடு போகும். ஏரி வர்றப்போ பிரியும், வலது ஹாஸ்டலுக்கு, இடது ஏரியோட வடக்குக் கரைக்கு. முதல்ல ஹாஸ்டலுக்குப் போய் தேவையில்லாத சுமைய வெச்சுட்டு வர முடியுமான்னு கேளுங்க. அப்புறம் இடது ரோட்டுல கொஞ்ச தூரம், அங்க இருந்து ரோட்ட விட்டு புல் சரிவுல ஏறணும், இந்த இடம்தான் சேறு, கால் கணுக்கால் வரைக்கும் போகும், பச்சைப் பசேல்னு மினுங்குற பாசி மேல மிதிக்காதீங்க, ஹெதர் செடி இருக்கிற மேட்டுல காலை வைங்க. மேல ரிட்ஜ் வந்துட்டா அகலமா, மெதுவா ஏறுற முதுகு, பாறை பயம் எதுவும் கிடையாது, உச்சில கல்லக் குவிச்சு வெச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு கெய்ர்ன்.

இனிமே மனுஷங்களப் பத்திச் சொல்றேன்.

என் முதல் ட்ரிப்ல ரயில்ல எதிர்ல உக்காந்திருந்த அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். எந்த மலைன்னு கேட்டாங்க, சொன்னேன், குனிஞ்சு என் ஷூவப் பாத்துட்டு சரின்னு தலையாட்டினாங்க. அவங்க 282ம் ஏறி முடிச்சவங்க. முடிச்சவங்க ஸ்காட்டிஷ் மவுண்டனியரிங் கிளப்புக்கு எழுதினா பேர லிஸ்ட்ல ஏத்தி ஒரு நம்பர் குடுப்பாங்களாம், அந்த நம்பரச் சொன்னப்போ அவங்க முகத்துல இருந்த சந்தோஷத்த நான் மறக்கல. இறங்குறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு விஷயம் சொன்னாங்க: மழை வந்தப்புறம் கோட்டு போடாத, வர்றதுக்கு முன்னாடியே போடு, பசிச்சப்புறம் சாப்பிடாத, பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிடு. இன்னைக்கு வரைக்கும் எத்தனையோ மலைல இது ரெண்டும் எனக்குக் கை குடுத்திருக்கு.

அன்னைக்கு உச்சிக்குப் போய்ச் சேந்தப்போ மேகம் இறங்கிடுச்சு, இருபது அடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. கெய்ர்ன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு எழுந்து வந்த வழின்னு நினைச்ச பக்கம் இறங்க ஆரம்பிச்சேன், பத்து நிமிஷம் போனப்புறம் கீழ இருந்து நாயோட ஒரு பொண்ணு மேல ஏறி வந்துட்டு இருந்தாங்க. ஹையான்னு (ஹலோவுக்கு அங்க அப்படித்தான்) சொன்னாங்க, நானும் சொன்னேன், ஸ்டேஷனுக்கா போறீங்கன்னு கேட்டாங்க. ஆமான்னேன். இந்தப் பக்கம் போனா வடக்குல இறங்கிடுவீங்க, காம்பஸ ஒரு தடவ பாத்துக்கோங்களேன்னு ரொம்பப் பதமாச் சொன்னாங்க. எடுத்துப் பாத்தா நான் நேர் வடக்க போயிட்டு இருக்கேன், போக வேண்டியது தென்மேற்கு. அவங்களோடவே திரும்ப உச்சிக்கு ஏறினேன். அங்க நின்னு காம்பஸ்ல கோணம் எப்படி வெக்கிறதுன்னு என் கையாலயே வெக்க வெச்சாங்க, அவங்க வெச்சுக் குடுக்கல. இப்போ நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வரேன்னு கால் மணி நேரம் என் பின்னாடியே வந்து, மேகத்துக்குக் கீழ ஏரி தெரிஞ்சதும் கையாட்டிட்டு வேற பக்கம் போயிட்டாங்க. பேர் கூட கேக்கல, அவங்களும் கேக்கல. அதனால இத ஒரு விதியா வெச்சுக்கோங்க: எந்த உச்சில இருந்தும் எழுந்து முதல் அடி எடுத்து வெக்கிறதுக்கு முன்னாடி காம்பஸ எடுத்துப் பாக்கணும், வெயில் அடிச்சாலும் பாக்கணும்.

எப்படிப் பேசுறதுன்னு கூச்சப்படுறவங்களுக்கு: எதிர்ல வர்றவங்களுக்கு ஒரு ஹலோ இல்ல ஹையா கட்டாயம் சொல்லணும், நகரத்துல மாதிரி குனிஞ்சுக்கிட்டுப் போனா அங்க விநோதமாப் பாப்பாங்க. நாம ஏறும்போது இறங்கி வர்றவங்களப் பாத்தா, மேல காத்து எப்படி இருக்கு, ஓடை தாண்ட முடியுதான்னு கேளுங்க, சந்தோஷமா நின்னு சொல்வாங்க, அது எந்த முன்னறிவிப்பையும் விடப் புதுத் தகவல். நாம இறங்கும்போது அதே மாதிரி நாமளும் சொல்லணும். முதல் பேச்சு எப்பவும் வானிலைதான், 'ட்ரீக்'னு ஒரு வார்த்தை அடிக்கடி காதுல விழும், சாம்பல் பூத்து ஈரமா மந்தமா இருக்கிற நாளுக்கு அப்படிச் சொல்வாங்க. பேச்சு வழக்கு புரியலன்னா திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்கிறதில்ல. என்ன வேலை, எவ்வளவு சம்பளம், கல்யாணம் ஆச்சா, இதெல்லாம் கேக்காதீங்க. ஒரு வார்த்தைல பதில் சொல்லிட்டு நடந்தாங்கன்னா அவங்க அமைதிக்காக வந்திருக்காங்க, விட்டுடுங்க.

மலைப் பேருங்க எல்லாம் கேலிக் மொழி, மேப்பப் பாத்து வாய்விட்டுப் படிக்க முடியாம தவிப்போம். கொஞ்சம் கத்துக்கிட்டா மேப்பே பேச ஆரம்பிக்கும். பெய்ன்னா மலை, அல்ட்னா ஓடை, கோரிய்னா மலை மடிப்புல இருக்கிற கிண்ணம் மாதிரி பள்ளம், லாரிக்னா கணவாய், மோர்னா பெருசு, பெக்னா சின்னது, ஜெரக்னா செவப்பு. ஏதாவது பேர எப்படிச் சொல்றதுன்னு ஒரு உள்ளூர்க்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க, அவங்க முகம் மலர்றதப் பாக்கணும், நம்ம ஊர்ப் பேர ஒருத்தர் ழகரத்தோட சொல்ல முயற்சி பண்ணா நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான்.

செப்டம்பர்ல போறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் 20 வாக்குல வரைக்கும் எஸ்டேட்காரங்க ஆண் மான் வேட்டை நடத்துவாங்க. நடக்கிற உரிமை நமக்கு சட்டப்படி இருக்கு, 2003ல வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் குடுத்தது, யார் நிலம்னாலும் பொறுப்பா நடந்துக்கிட்டா போகலாம், கூடாரம் போட்டும் தங்கலாம் (லாக் லோமண்ட் பக்கம் சில இடத்துல மார்ச்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பெர்மிட் வேணும்). ஆனா அங்க வேலை பாக்குறவங்களுக்கு அது பொழப்பு. ஒரு தடவ மண் ரோட்டுல வண்டிய நிறுத்தி ஒரு ஸ்டாக்கர் (எஸ்டேட்ல மான் வேட்டைய நடத்துறவர்) எங்க போறேன்னு கேட்டார், திட்டப் போறார்னு நினைச்சேன், அவர் மேப்ப வாங்கி விரல வெச்சு, இன்னைக்கு இந்தப் பள்ளத்துல நாங்க இருக்கோம், நீ ரிட்ஜ் மேலயே போ, உனக்கும் நல்லது எங்களுக்கும் நல்லதுன்னு சொல்லிட்டுப் போனார். மேல போனப்புறம் ஆண் மானுங்க கர்ஜிக்கிற சத்தம் பள்ளம் முழுக்க எதிரொலிச்சது, செப்டம்பர் கடைசில போறவங்களுக்குக் கிடைக்கிற பரிசு அது.

ராத்திரி ஹாஸ்டல்ல

பொது அடுப்பு, பொது மேஜை. உங்க சாமான நீங்களே கழுவணும், இடத்தச் சுருக்கி அடுத்தவங்களுக்கு வழி விடணும். டீக்குத் தண்ணி வெச்சா மத்தவங்களுக்கும் வேணுமான்னு கேளுங்க, அந்த ஒரு கேள்வில அறையே நமக்குப் பழக்கமாயிடும். நான் புளியோதரையச் சூடு பண்ணினப்போ அந்த வாசத்துக்கு ஒருத்தர் எட்டிப் பாத்து என்னதுன்னு கேட்டார், கொஞ்சம் குடுத்தேன், அவர் ஓட்கேக்கும் சீஸும் வெட்டி என் தட்டுல வெச்சார், அப்புறம் மேப்ப விரிச்சு மறுநாள் நான் எங்க போகலாம்னு மூணு பேர் கூடி ஒரு மணி நேரம் பேசினாங்க. மறுநாள் எங்க போறீங்கன்னு ஹாஸ்டல் பொறுப்பாளர்கிட்ட கட்டாயம் சொல்லிடுங்க, அவங்கதான் அங்க நமக்குப் பாதுகாப்பு.

தனியா வர்ற பொண்ணுங்க நிறைய பேர ஒவ்வொரு தடவையும் பாக்குறேன், கொராவர்லயும் பாத்தேன், மேகத்துல என்னத் திருப்பினதும் தனியா வந்த ஒரு பொண்ணுதான். ஆனா ஆணோ பொண்ணோ, ரோட்டோர கார் பார்க்ல முகம் தெரியாத ஒருத்தர் கேட்டா எந்த மலைன்னு சொல்லலாம், ராத்திரி எங்க தூங்குறேன்னு சொல்லத் தேவையில்ல. மனசுக்கு ஒத்து வரலன்னா பதில் சொல்லாம நகந்துடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது.

பூச்சிங்க

மிட்ஜ் கொசு மாதிரி இருக்காது, கண்ணுக்கே சரியாத் தெரியாது, ஆயிரக்கணக்குல மேகம் மாதிரி வரும். காத்து இல்லாத ஈரமான காலையும் சாயங்காலமும்தான் அதுக்கு நேரம், கொஞ்சம் காத்து அடிச்சாலே காணாமப் போயிடும், அதனால உக்காந்து சாப்பிட காத்து வர்ற மேடாப் பாத்து உக்காருங்க. ஸ்மிட்ஜ்னு ஒரு ஸ்ப்ரே அங்க எல்லாரும் வெச்சிருப்பாங்க.

உண்ணிதான் உண்மையிலேயே கவனமா இருக்க வேண்டியது, லைம்னு ஒரு நோயப் பரப்பும். பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, ராத்திரி முட்டிக்குப் பின்னாடி, அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்க. ஒட்டி இருந்தா கொக்கில தோலோட ஒட்டி பிடிச்சு மெதுவா எடுக்கணும், நசுக்கக் கூடாது, நெருப்பு வெக்கிறது எண்ணெய் ஊத்துறதெல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரத்துல வட்டமா செவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர்கிட்ட உண்ணி கடிச்சதுன்னு சொல்லுங்க.

ஏதாவது ஆயிடுச்சுன்னா

999 அடிச்சு போலீஸக் கேளுங்க, அவங்ககிட்ட மவுண்டன் ரெஸ்க்யூன்னு சொல்லுங்க. நீங்க நிக்கிற இடத்தோட கிரிட் நம்பர் (மேப்ல கட்டக் கோட்டுக்குப் போட்டிருக்கிற நம்பர்), என்ன அடி, எத்தன பேர், போன் சார்ஜ் எவ்வளவு, இத சொன்னாப் போதும். சிக்னலே இல்லன்னா விசில், ஒரு நிமிஷத்துக்குள்ள ஆறு தடவ, அப்புறம் ஒரு நிமிஷம் நிறுத்தி திரும்ப ஆறு. மூணு தடவ பதில் விசில் கேட்டா யாரோ கேட்டுட்டாங்கன்னு அர்த்தம், ஆனாலும் அவங்க வந்து சேர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. வர்றவங்க பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், தச்சரும் டீச்சரும் நர்ஸும் சாப்பிட்டுட்டு இருந்த தட்ட அப்படியே வெச்சுட்டு இருட்டுல ஏறி வருவாங்க, நம்மகிட்ட ஒரு பைசா கேக்க மாட்டாங்க. செலவாகுமோன்னு பயந்து கூப்பிடாம இருந்துடாதீங்க. ஓடை பொங்கி ஓடுச்சுன்னா தனியாத் தாண்டாதீங்க, திரும்பி வாங்க இல்ல காத்திருங்க, மழை நின்னா பல ஓடைங்க சில மணி நேரத்துலயே இறங்கிடும்.

அடுத்த தடவைக்கு

ரெண்டு மூணு தடவ பழகினப்புறம் பாத்தின்னு (bothy) சொல்ற ஒரு இடத்துல தங்கிப் பாருங்க. மலைக்கு நடுவுல இருக்கிற பழைய கல் வீடு, பூட்டு கிடையாது, புக்கிங் கிடையாது, காசு கிடையாது. மவுண்டன் பாத்தீஸ் அசோசியேஷன்னு 1965ல ஆரம்பிச்ச சங்கம் சுமார் நூறு வீட்ட இப்படிப் பராமரிக்குது. கரண்ட் இல்ல, குழாய் இல்ல, டாய்லெட் இல்ல, ஒரு மண்வெட்டி இருக்கும், தூரமாப் போய்த் தோண்டி மூடணும். எவ்வளவு நேரம் கழிச்சு யார் நனைஞ்சுக்கிட்டு வந்து கதவத் தட்டினாலும் நகந்து இடம் குடுக்கணும், அது அங்க எழுதாத சட்டம். குப்பைய ஒண்ணு விடாம திருப்பி எடுத்துட்டு வந்துடுங்க.

கடைசி வேலை ஒண்ணு பாக்கி. ஏறி இறங்கின களைப்புல, ரயில் சூட்டுல தூக்கம் வரும். தூங்குறதுக்கு முன்னாடி சிக்னல் வந்துடுச்சான்னு பாத்து, உங்க திட்டத்த வெச்சுக்கிட்டு காத்திருக்கிற ஃப்ரெண்டுக்கு கீழ வந்துட்டேன்னு மெசேஜ் போட்டுடுங்க.